சால்வையின் இரண்டு நுனிகள்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோக்களில் மேரியின் ஆட்டோவுக்கென்று தனிக்கூட்டம் இருந்தது. மற்ற ஆட்டோக்கள் காலியாக நின்றாலும், "மேரி வந்துடட்டும்" என்று வேப்பமர நிழலில் ஒதுங்கி நிற்பார்கள். அவள் ஒன்றும் மெதுவாக ஓட்டுகிறவள் இல்லை. முத்தியால்பேட்டை வளைவில் லாரிக்காரனோடு போட்டி போட்டு, அவனைத் திட்டி, அவன் சிரித்த பிறகு தானும் சிரிப்பாள். கூட்டம் காத்திருந்ததற்குக் காரணம் வேறு. அந்த ஆட்டோவில் பேசியது வெளியே போகாது. மருமகளைப் பற்றி மாமியார் காலையில் அழுதுகொண்டே வருவாள். அதே மருமகள் சாயங்காலம் அதே சீட்டில் உட்கார்ந்து மாமியாரைப் பற்றி அழுவாள். இரண்டு பேருக்கும் மேரி, "உம்" கொட்டுவாள். அதற்குமேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

கணவன் தாவீது கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட வருஷம்தான் அவள் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டது. அவளுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். குடைக் கட்சியின் கொடியை ஊரில் முதலில் ஏற்றியவர்களில் ஒருவர். மேரிக்கும் அந்தக் கட்சிதான். ஏன் என்று அவளைக் கேட்டால், "வூட்டுக்காரருக்கு முன்னாடியே வந்தது கட்சி" என்பாள்.

அந்தக் குடைக் கட்சிக்குக் காஞ்சிபுரம் பக்கத்தில் அப்போது கெட்ட காலம். கெட்ட காலத்தின் பெயர் துரைக்கண்ணு. மாவட்டச் செயலாளர் என்பதால் கட்சிக்காரர்களுக்கு அவர் வெறும் 'மாவட்டம்'. "மாவட்டம் சாப்பிடுறார்", "மாவட்டம் தூங்குறார்" என்பார்கள். எம்.எல்.ஏ.வாக இருந்தபோது ஒரு கொடுங்கோடையில், பாலாற்றிலிருந்து ஊர்களுக்கு வரவேண்டிய குழாய்த் தண்ணீர் அவருடைய கல்யாண மண்டபத்துப் பக்கமாகத் திரும்பிவிட்டது. தண்ணீர் கேட்டுப் போன பெண்களிடம், "தண்ணி இல்லன்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ குளிங்கம்மா, ஒன்னும் ஆயிடாது" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் வாலாஜாபாத் ஒன்றியம் முழுக்கப் பரவியது. யாரிடம் சொன்னார் என்பது மட்டும் வழியிலேயே உதிர்ந்துபோனது. அடுத்த தேர்தலில் துரைக்கண்ணு தோற்றார். கட்சிப் பதவி மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கார் எந்த ஊரைத் தாண்டினாலும், பின்னாலிருந்து ஒரு குரல், "ஐயா, குளிச்சிட்டீங்களா?" என்று கேட்கும்.

இந்த நிலைமையில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஐயம்பேட்டையைச் சேர்ந்த ஒன்றிய கவுன்சிலர் இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. குடைக் கட்சியில் நிற்க ஆள் இல்லை. ஒன்றியச் செயலாளர் குரு மேரியின் ஆட்டோவைத் தேடி ஸ்டாண்டுக்கே வந்தார்.

"மேரி, நீதாம்மா நிக்கணும். உன்னைத் தெரியாத ஆளு இந்தப் பக்கம் யாரு?"

"ஆட்டோ யாரு ஓட்டுவா?"

"பிரசாரத்துக்கே ஆட்டோலதானம்மா போவப் போற."

மேரிக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தக் குழாய் இன்னும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் அது அவளுக்கு உறுத்திக்கொண்டேயிருந்தது. குடத்துக்குத் தனி இடம் வேண்டும். ஒரு ஆள் ஏற முடியாது. ஒரே ஒரு தரம் கவுன்சிலர் ஆகி அந்தக் குழாயை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும், அப்புறம் பழையபடி ஆட்டோ ஓட்டலாம் என்று நினைத்தாள். சரி என்றாள்.

எதிரே விசிறிக் கட்சியில் சந்தியா. சந்தியா நல்ல பெண்; ஆனால் நிற்பது சந்தியா என்றாலும் ஓடியாடியது அவள் கணவன் மணிவண்ணன். அவன் மேரியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சொன்னால் எடுபடாது என்று அவனுக்குத் தெரியும். அவனும் அவள் ஆட்டோவில் ஏறி வளர்ந்தவன்தானே. அதனால் அவன் வேறொரு வேலை செய்தான்.

ஒருநாள் காலையில் ஊர் விழித்தபோது, ஸ்டாண்டு எதிர்ச்சுவர், ரேஷன் கடைச் சுவர், மில்லுக்குப் போகும் வழி என்று எல்லா இடத்திலும் ஒரே போஸ்டர். கலர் படம். துரைக்கண்ணுவின் தோளில் மேரி பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: "மேரிக்குப் போடும் ஓட்டு துரைக்கண்ணுக்குப் போடும் ஓட்டு. குளிக்காமல் இருக்கத் தயாரா?"

அன்றைக்கு ஆட்டோவில் யாரும் பேசவில்லை. கோயில் வாசலில் பூ விற்கும் எல்லம்மாள்தான் வழக்கமாக முதலில் வாயைத் திறப்பாள். அவள்கூடப் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"உம்மேல ஒன்னும் இல்ல மேரி. நீ நல்லவதான். ஆனா உனக்குக் குத்துறது அந்தாளுக்குப் போய்ச் சேரும்னா, கை வரலம்மா."

மேரி, "உம்" என்றாள்.

திரும்பி வரும்போது ஸ்டாண்டில் மணிவண்ணன் பைக் மேல் சாய்ந்து நின்றிருந்தான்.

"இன்னாக்கா, படம் நல்லா வந்திருக்குதா? உன் சிரிப்பு சினிமா ஸ்டாரு மாதிரி இருக்குதுக்கா."

"படம் எங்கடா புடிச்சே?"

"மாவட்டத்தோட பேஸ்புக்குலதான். அவரே போட்டது. 'மகளிர் அணியினர் சால்வை அணிவித்து வாழ்த்து.' நானா ஒட்டு வேலை ஒன்னும் செய்யலக்கா, சத்தியமா."

அவன் சொன்னது உண்மை. படத்தில் ஒட்டு வேலை இல்லை. ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டியிருந்தான். வெட்டிய இடத்தில் யாருடைய கையோ பிடித்திருந்த பிளாஸ்டிக் குடத்தின் வாய் பாதி நின்றுபோயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அலமு கவனித்தது வேறொன்று. அலமு வீட்டில் இரண்டு தறி. காஞ்சிபுரம் கடைக்காரர் கொடுக்கும் பாவு நூலை அவளும் புருஷனும் நெய்வார்கள். அவள் போஸ்டர் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கத்திரிப்பூ நிறம். ஒரு பக்கம் அகலமான மஞ்சள் கரை, மறுபக்கம் கரையே இல்லை. அப்படி ஒரு சால்வையை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். பாவு தீர்ந்தபோது தறியில் மிஞ்சிய துண்டு அது. அவள் நேராக மேரியின் வீட்டுக்கு வந்தாள்.

"எம்மா மேரி, அது என் துண்டாச்சே! குடம் எடுத்துக்கினு அந்தாளு வூட்டுக்குப் போனோமே, அன்னிக்கி வெறுங்கையோட போவக் கூடாதுன்னு நான் குடுத்தது!"

"அதேதான்."

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்தில் தலைவரைப் பார்க்க யார் போனாலும், நன்றி சொல்லப் போனாலும் சண்டைக்குப் போனாலும், முதலில் ஒரு சால்வையோ துண்டோ போர்த்தியாக வேண்டும். போர்த்தினால்தான் போட்டோக்காரர் படம் எடுப்பார். படம் எடுத்தால்தான் தலைவர் நிற்பார். நின்றால்தான் பேச முடியும். அந்தக் கோடையில் ஐயம்பேட்டைப் பெண்கள் நாலைந்து பேர் காலிக் குடங்களோடு மேரியின் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனபோதும் அப்படித்தான். மேரி சால்வையைப் போர்த்தினாள். போர்த்தியவள் கையை எடுக்கவில்லை. இரண்டு நுனியையும் அவர் மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "தண்ணி எப்போ வரும்னு சொல்லுங்கையா, விட்டுடறேன்" என்றாள். போட்டோக்காரர், "சிரிங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் துரைக்கண்ணு சொன்னதுதான் அந்தக் குளிக்கிற வாக்கியம்.

"அவர் சொன்னதே உங்கிட்டதானே! அதைப் போயி ஊருக்குச் சொல்றதுக்கு இன்னா?" என்றாள் அலமு.

கட்டிலில் சாய்ந்திருந்த தாவீதும் சேர்ந்துகொண்டான். "அதைத்தான் நானும் காலையிலருந்து சொல்லிக்கினு இருக்கறேன். மைக்கைப் புடிச்சி நாலு வார்த்தை சொல்லிட்டு வான்னா, சோறு வடிச்சிக்கினு இருக்கறா."

மேரி கஞ்சியை வடித்துவிட்டுத்தான் பேசினாள். "இப்போ சொன்னா யாரு நம்புவா? தோத்துடுவோம்னு பயந்துக்கினு கதை கட்டறான்னுவாங்க. அதுவும் இல்லாம, கட்சிக் கொடியைக் கட்டிக்கினு கட்சிக்காரனை நடுத்தெருவுல திட்டினா நல்லாவா இருக்குது? இன்னிக்கி அவரைத் திட்டறவ நாளைக்கி நம்மளைத் திட்டுவான்னு ஜனம் நினைக்கும். என் ஆட்டோல யாரு ஏறுவாங்க?"

"அப்போ தோத்துடலாம்ன்றியா?"

அந்தச் சமயத்தில்தான் வாசலில் பைக் சத்தம். குரு உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மேரி, ஞாயித்துக்கிழமை மாவட்டம் வர்றார். உனக்காக ஓட்டு கேக்க. திறந்த ஜீப்பு. ஸ்டாண்டு எதிர்ல பேச்சு."

"ஐயோ" என்றான் தாவீது.

"வேணாம்னு சொல்ல முடியுமா? நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'என் போஸ்டர் ஒட்டினா என் ஆளு தோத்துடுமா? நானே வர்றேன்'னுட்டார். ரோஷம் வந்துடுச்சி. நீ ஒன்னும் பேசாதம்மா. ஒரு சால்வை போட்டுட்டு, கும்புட்டுட்டு, ஒதுங்கி நின்னுக்கோ. சீக்கிரம் அனுப்பி வெச்சிடலாம்."

சால்வை என்றதும் மேரி அலமுவைப் பார்த்தாள். அலமுவும் அவளைப் பார்த்தாள்.

"யக்கா, அந்தப் பாவுல மிஞ்சின துண்டு அது ஒன்னுதானா?"

அலமு கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொன்னு இருக்குது. டிவி மேல போட்டு வெச்சிருக்கறேன்."

"தொவைச்சிக் குடு."

"பட்டைப் போயி தொவைக்கச் சொல்றியே, நீ காஞ்சிபுரத்துக்காரிதானா? உதறிக் குடுக்கறேன், போ."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் நல்ல கூட்டம். பாதிப் பேர் ஓட்டுப் போடுகிறவர்கள். மீதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மணிவண்ணனின் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் இடம்பிடித்து, கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மேரியும் துரைக்கண்ணுவும் சேர்ந்து நிற்கும் புதுப்படம் ஒன்று கிடைத்தால் வீட்டுக்கு வீடு அனுப்பிவிடலாம் என்பது கணக்கு. ஜீப் வந்து நின்றது. பின்னாலிருந்து வழக்கமான குரல், "ஐயா, குளிச்சிட்டீங்களா?" என்றது. கூட்டம் சிரித்தது. துரைக்கண்ணு காதில் விழாத மாதிரி கும்பிட்டார். பெரிய உடம்பு, வேர்த்துக்கொட்டியது. சட்டைப்பையில் கட்சித் தலைவர் படம் வெளியே தெரிகிற மாதிரி நின்றார்.

மேரி ஜீப்பில் ஏறினாள். கிடைத்த ஒரே வாய்ப்பு கையில் இருக்கிறது. தவறினால் இந்த ஊரில் குழாயும் இல்லை, முகமும் இல்லை. குரு கீழேயிருந்து கண்ணைக் காட்டினார்: போடு, கும்பிடு, இறங்கு. அவள் சால்வையை விரித்தாள். கத்திரிப்பூ நிறமும் ஒற்றை மஞ்சள் கரையும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எதிர்ச்சுவரில் இருப்பது அப்படியே இறங்கி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தறி இருக்கிற ஊரில் துணியை மறப்பவர்கள் குறைவு.

சால்வையைப் போர்த்தினாள். இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"விடும்மா, பேசணும்" என்றார் துரைக்கண்ணு, சிரித்த முகம் மாறாமல்.

"பேசுங்கையா. ஒரு கை சும்மாதானே இருக்குது, மைக்கைப் புடிச்சிக்கினு பேசுங்க."

மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அவள் சொன்னது ஒலிபெருக்கியில் மில் வரைக்கும் கேட்டது.

"அன்னிக்கி உங்க வூட்டுல இதே மாதிரி புடிச்சிக்கினுதான் கேட்டேன். ஐயம்பேட்டைக்குத் தண்ணி எப்போ வரும்னு. நீங்ககூட ஒன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதாயா?"

கூட்டத்தின் நடுவிலிருந்து எல்லம்மாளின் குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

"ஐயோ! அது இவகிட்ட சொன்னதா?"

"எங்ககிட்டதான்டி! நான் பக்கத்துல குடத்தோட நின்னேன்! போஸ்டர்ல பாரு, என் குடம் பாதி தெரியுது!" என்று அலமு சுவரைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். மணிவண்ணனும் பார்த்தான். அன்றுவரை அந்தக் குடத்தின் வாயை அவன் கண்டதே இல்லை.

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. துரைக்கண்ணு குனிந்து நுனிகளைப் பார்த்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் அரசியலில் இருந்தவர். கோபப்பட்டால் கதை முடிந்தது என்று தெரியாதவரா?

"ஞாபகம் இருக்குதும்மா" என்றார். "வெயில்ல ஏதோ வாய் தவறிப் போச்சி. தப்புதான்."

"ஓ!" என்றது கூட்டம்.

"அதை விடுங்கையா. தண்ணி?"

"நீ ஜெயிச்சி வா. நானே கலெக்டர் ஆபீசுக்கு உன்கூட வர்றேன்."

"வருவீங்களா?"

"வர்றேன்னு மைக்குல சொல்லிக்கினு இருக்கறேன், விடும்மா தாயே!"

"சால்வையை விட்டுடறேன். உங்களை விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேரி கையை எடுத்தாள். பிறகு, குரு சொன்னபடியே, நன்றாகக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் துரைக்கண்ணு என்ன பேசினார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. மணிவண்ணனின் ஆட்கள் எடுத்த படம் அவர்கள் நினைத்தபடியே வீட்டுக்கு வீடு போனது. ஆனால் சத்தத்தோடு போனது. மறுநாள் மணிவண்ணன் தன் போஸ்டரைத் தானே கிழிக்க ஏணி கொண்டுவந்தான். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் விடவில்லை.

"இன்னாபா, ஒட்டினது நீதானே? இருக்கட்டும், அழகா இருக்குது."

"பெரிம்மா, அது எங்க கட்சி போஸ்டர்..."

"இருந்தா இன்னா? எங்க மேரிதானே அதுல இருக்கறா!"

மேரி ஜெயித்தாள். பெரிய ஓட்டு வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஜெயித்தாள், அவ்வளவுதான். ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து வெளியே வந்தபோது சந்தியா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான்கூட உனக்குத்தான் போட்டிருப்பேன், நானே நிக்காம இருந்தா" என்றாள். மேரி, "உம்" என்றாள். அதையும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். சந்தியாதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

துரைக்கண்ணு சொன்ன வாக்கை முதலில் மறக்கப் பார்த்தார். மேரி ஆட்டோவை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். உள்ளேயிருந்து ஆள் வந்து, ஐயா ஊரில் இல்லை என்றான். "பரவால்லப்பா, வர்ற வரைக்கும் அடிச்சிக்கினு இருக்கறேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஐயா ஊருக்கு வந்துவிட்டார். காரை எடுக்க விடாமல் அவரை ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். வழியில் மூன்றாவது ஆளுக்கு இடம்விட்டு அவர் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

குழாய் வர வெகுநாள் ஆனது. வந்த பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். மாவட்டம் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது என்று ஊர் சிரித்தது. ஆனால் குடத்தோடு ஆட்டோவில் ஏறுவது நின்றது. கவுன்சிலர் ஆன பிறகும் மேரி ஆட்டோவை விடவில்லை. தெருவிளக்கு எரியவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது என்று ஏறுகிறவர்கள் போகிற வழியிலேயே சொல்லிவிடுவார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல், "உம்" கொட்டுவாள். அந்த ஒரு "உம்" போதும் என்று ஊர் தெரிந்துவைத்திருந்தது.

போன ஐப்பசி மழையில், மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்று தாவீது சொல்கிறான். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், ஆட்டோவைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டுப் போனாள். அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். தெருவில் எல்லாக் குழாயும் ஓடிக்கொண்டிருந்தது. அடைக்க மறந்து பெண்கள் அவள் வாசலில் நின்றிருந்தார்கள்.

துரைக்கண்ணு வந்தார். இப்போது அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. கூட ஆளும் இல்லை. மாலை கொண்டுவரவில்லை. நல்ல அரக்குப் பட்டில், இரண்டு பக்கமும் கரை வைத்த சால்வை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குள் படுத்திருந்தவள் மேல் அதைப் போர்த்தினார். போர்த்திவிட்டு, நுனிகளைச் சட்டென்று விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். என்ன கேட்டாரோ தெரியாது. மூடுகிற நேரத்தில் மகள் கிரேஸ் அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். அம்மா பட்டை மண்ணில் போட விட மாட்டாள் என்றாள்.

இப்போது ஆட்டோவை ஓட்டுவது கிரேஸ். துரைக்கண்ணு போர்த்திய அந்தச் சால்வை முன்சீட்டின் சாய்வில் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. காலையில் கூட்டம் நெருக்கும்போது யாராவது அசதியில் முன்னால் சாய்ந்தால், பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் எல்லம்மாள் விட மாட்டாள்.

"தள்ளிக் குந்தும்மா, மாவட்டத்து மேல சாயாத."

ஆட்டோ சிரிக்கும். கிரேஸ் திரும்பிப் பார்க்காமல், "உம்" என்பாள்.